டிஸ்க்கா, டவுன்லோடா? காசு கொடுத்து வாங்கிய கேம் கையில் தங்க ஒரு முழு வழிகாட்டி

போன ஐப்பசி மழைக்கு முன்னால் எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டியபோது ஃபைபர் வயரும் அறுந்துபோனது. மூன்று நாள் நெட் இல்லை. தீபாவளி லீவுக்கு அக்கா மகன் வந்திருந்தான். "நெட் இல்லாட்டி என்ன மாமா, கேம்தான் இருக்கே" என்று பிஎஸ்4-ஐ, அதாவது பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோலை, ஆன் செய்தான். திரையில் பதினோரு கேம் வரிசையாக நின்றன. பதினொன்றின் மேலும் சின்னதாக ஒரு பூட்டுப் படம். ஒன்றைத் தவிர எல்லாம் நான் காசு கொடுத்து வாங்கியவை, எல்லாமே முழுசாக டவுன்லோட் ஆனவை. ஒன்றுகூடத் திறக்கவில்லை. கடைசியில் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்த அன்சார்ட்டட் 4 டிஸ்க்கைத் தூசி தட்டிப் போட்டோம். கொஞ்ச நேரம் இன்ஸ்டால் ஆனது, அப்புறம் பேசாமல் ஓடியது.

தப்பு என்னுடையதுதான், என்ன தப்பு என்பதைக் கீழே ஆறாவது படியில் சொல்கிறேன். அன்றைக்கே "இனிமேல் டிஸ்க் மட்டும்தான்" என்று சபதம் போட்டிருப்பேன். ஆனால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. உள்ளே கேமே இல்லாத டிஸ்க் உண்டு. விற்ற ஆன்லைன் கடையே மூடினாலும் ஓடுகிற டவுன்லோடும் உண்டு. அதனால் டிஸ்க்கா டவுன்லோடா என்று கேட்பதற்கு முன்னால் நான் இன்னொரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த கேமைத் திறக்க நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும்? கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வந்தவை.

முதல் படி: எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று பாருங்கள்

பிசி கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் எதையாவது வாங்கப்போனால், பணம் கட்டும் பக்கத்தில் ஒரு சின்ன வரி வரும். டிஜிட்டல் பொருளை வாங்குவது என்றால் அதைப் பயன்படுத்தும் உரிமத்தை வாங்குவது என்பது அதன் சாரம். இது 2024 அக்டோபரில் சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் ஏபி 2426 என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். திரும்பப் பிடுங்கக்கூடிய உரிமத்தை விற்றுவிட்டு 'வாங்குங்கள்' என்ற சொல்லை மட்டும் காட்டக்கூடாது, உண்மையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. உரிமையைக் கூட்டித் தரவில்லை, பெயரை மாற்றிச் சொல்லாதே என்று மட்டும் சொன்னது. அதுவே பெரிய விஷயம்தான்.

டிஸ்க்கில் இருக்கும் மென்பொருளுக்கும் உரிமம்தான், அதன் பதிப்புரிமை நமக்கு வருவதில்லை. ஆனால் டிஸ்க் ஒரு பொருள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு வாரம் கடன் தரலாம், விற்கலாம், தம்பிக்கு விட்டுப் போகலாம். 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் வரப்போகும் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் இதில் கை வைத்தது. 24 மணி நேரத்துக்கு ஒரு முறை கன்சோல் நெட்டில் தலையைக் காட்ட வேண்டும், பழைய டிஸ்க்கைக் கைமாற்றக் கட்டுப்பாடு உண்டு என்று அறிவித்தார்கள். அதற்கு சோனி தரப்பிலிருந்து அரை நிமிடம்கூட வராத ஒரு வீடியோ வந்தது. பிளேஸ்டேஷனில் கேமை எப்படிப் பகிர்வது என்பதற்கான 'வழிகாட்டி' அது. ஒருவர் டப்பாவை நீட்டுகிறார், மற்றவர் தேங்க்ஸ் சொல்லி வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். ஊரே சிரித்தது. அதே ஜூன் மாதத்தில் மைக்ரோசாஃப்ட் திட்டத்தைக் கைவிட்டது. 2024-இல் வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் டிரைவே கிடையாது, வேண்டுமென்றால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது வேறு கதை.

டிஜிட்டல் உரிமத்தை மறுவிற்பனை செய்ய முடியுமா என்று ஐரோப்பாவில் வழக்கே நடந்தது. 2019-இல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று ஸ்டீம் கேம்களை விற்க அனுமதிக்க வேண்டும் என்றது. 2022-இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. ஆக இப்போதைக்கு டவுன்லோடு கேமை விற்கும் வழி நமக்கு இல்லை.

இரண்டாம் படி: டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கடையில் தொங்கும் டப்பாக்களில் நான்கு ரகம் உண்டு.

முதல் ரகத்தில் முழு கேமும் டிஸ்க்கிலேயே இருக்கும். நெட்டே இல்லாத வீட்டில் போட்டாலும் ஆரம்பம் முதல் முடிவு வரை ஆடலாம். அப்டேட் வந்தால் நல்லது, வராவிட்டாலும் கேம் ஓடும். பிஎஸ்4 காலத்துக் கதை கேம்களில் பெரும்பாலானவை இந்த ரகம். பிஎஸ்4 டிஸ்க்கில் 50 ஜிபி வரை கொள்ளும், பிஎஸ்5 டிஸ்க்கில் 100 ஜிபி வரை. அதிலும் அடங்காவிட்டால் இரண்டு டிஸ்க் தருவார்கள். ஃபைனல் ஃபேண்டஸி 7 ரீபர்த் அப்படித்தான் வந்தது.

இரண்டாம் ரகத்தில் டிஸ்க்கில் பாதிதான் இருக்கும், மீதியை இறக்கிக்கொள்ள வேண்டும். இதில் உச்சம் 2022-இல் வந்த கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2. அதன் பிஎஸ்5 டிஸ்க்கைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே சுமார் 70 எம்பிதான் இருப்பதைக் கண்டார்கள். கல்யாண வீட்டு ஃபோட்டோ பத்துப் பன்னிரண்டு போட்டால் வரும் அளவு.

மூன்றாம் ரகம் சாவி மட்டும். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு 'கேம் கீ கார்டு' என்று ஒன்று விற்கிறார்கள். பார்க்கக் கேட்ரிட்ஜ் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே கேம் கிடையாது. செருகினால் நெட்டிலிருந்து இறக்கும், ஆடும்போதெல்லாம் கார்டு செருகியிருக்க வேண்டும். இதிலும் ஒரு நல்லது உண்டு: கார்டை விற்கலாம், கடன் தரலாம். கெட்டது என்னவென்றால், இறக்கித் தரும் சர்வர் ஒருநாள் நின்றால் அது வெறும் பிளாஸ்டிக். டப்பாவின் முன்பக்கம் கீழே இதைக் குறிக்கும் பட்டை இருக்கும், வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் ரகம் காகிதம். டப்பாவைத் திறந்தால் ஒரு கோடு, அதாவது டவுன்லோட் செய்யப் போட வேண்டிய எழுத்தும் எண்ணும், எழுதிய சீட்டு. பிசிக்கு வரும் டப்பாக்கள் இப்போது ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான். ஒருமுறை கோடு போட்டால் சீட்டுக்கு வேலை முடிந்தது. டவுன்லோடின் எல்லாக் குறையும் இதில் உண்டு, அலமாரியில் இடத்தையும் அடைக்கும்.

எந்த ரகம் என்று கண்டுபிடிக்க டப்பாவின் பின்பக்கம், முன்பக்க ஓரம் இரண்டிலும் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். இணைய இணைப்பு தேவை, டவுன்லோட் தேவை என்று ஏதாவது இருக்கும். டஸ்இட்ப்ளே என்று ஒரு ஆர்வலர் குழு, நெட்டைத் துண்டித்துவிட்டு டிஸ்க்கை மட்டும் போட்டு ஆடிப் பார்த்துப் பட்டியல் வெளியிடுகிறது. பெரிய விலை கொடுக்குமுன் அதில் ஒரு பார்வை பார்ப்பது என் வழக்கம்.

இன்னொரு சின்ன விஷயம். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சொந்தக்காரர்கள் வாங்கி வரும் பிளேஸ்டேஷன் டிஸ்க் நம் கன்சோலில் ஓடும். ஆனால் அந்த கேமுக்கான கூடுதல் பகுதியை, அதாவது டிஎல்சியை, உங்கள் இந்திய அக்கவுன்ட்டில் வாங்கினால் ஒட்டாமல் போகலாம். டிஸ்க் எந்த வட்டாரத்துக்கு அச்சானதோ டிஎல்சியும் அதே வட்டாரத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். டப்பாவின் முதுகில் ஒரு எண் இருக்கும், பல வட்டாரங்களில் அது பிஎஸ்4-க்கு சியுஎஸ்ஏ என்றும் பிஎஸ்5-க்கு பிபிஎஸ்ஏ என்றும் தொடங்கும். அதை ஆன்லைன் கடையில் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டு டிஎல்சி வாங்குங்கள்.

மூன்றாம் படி: கன்சோல் வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டியது

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வாங்கினால் டிஸ்க் பேச்சே கிடையாது, பின்னால் மாட்டவும் வழியில்லை. பிஎஸ்5-இன் 2020 மாடல் டிஜிட்டல் எடிஷனும் அப்படியே. 2023 கடைசியில் வந்த மெலிந்த மாடலுக்கும் ப்ரோவுக்கும் டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். பொருத்திய உடனே ஒருமுறை நெட்டில் இணைத்துப் பதிய வேண்டும். அதைச் செய்யாமல் டிரைவ் வேலை செய்யாது. கன்சோல் வாங்கும் அன்றைக்குச் சில ஆயிரம் மிச்சம் என்று டிரைவ் இல்லாததை எடுத்தால், அந்த மிச்சம் இரண்டு மூன்று பழைய டிஸ்க்கில் திரும்ப வந்திருக்கும். வீட்டில் ஏற்கெனவே பிஎஸ்4 டிஸ்க் அடுக்கி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டிரைவ் உள்ளதை வாங்குங்கள். அந்த டிஸ்க்குகள் ஏறக்குறைய எல்லாமே பிஎஸ்5-இல் ஓடும். பிஎஸ்3 டிஸ்க் ஓடாது.

டிஸ்க் வாங்கினால் கன்சோலில் இடம் மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆகாது. இப்போதைய கன்சோல்கள் டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் உள்ளே ஏற்றிக்கொண்டுதான் ஆடவிடும். டிஸ்க் இருந்தால் மிச்சமாவது டவுன்லோட் நேரம். 100 ஜிபி கேமை 40 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க ஐந்தரை மணி நேரம் பிடிக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கும் ஊர் என்றால் டிஸ்க்தான் வழி.

நான்காம் படி: ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனி முடிவு

எல்லாவற்றுக்கும் ஒரே விதி வைத்தால் ஏதோ ஒரு பக்கம் காசு போகும்.

ஆன்லைனில் மட்டும் ஓடும் கேமுக்கு டிஸ்க் வாங்கி ஒரு பயனும் இல்லை. யூபிசாஃப்டின் தி க்ரூ 2014-இல் வந்த கார் பந்தய கேம். தனியாளாக ஆடினாலும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். டவுன்லோட் வாங்கியவர், டிஸ்க் வாங்கியவர் எல்லாருக்கும் ஒரே கதிதான். அப்புறம் சிலரின் லைப்ரரியிலிருந்து உரிமத்தையே எடுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் திரட்டிய கையெழுத்து 2025 ஜூலையில் பத்து லட்சத்தைத் தாண்டியது. யூபிசாஃப்டும் தி க்ரூ 2-க்கு ஆஃப்லைன் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. சோனியின் கான்கார்ட் இன்னும் வேகமாகப் போனது. 2024 ஆகஸ்ட் 23 வெளியீடு, செப்டம்பர் 6 மூடல். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது ஆறுதல். இந்த மாதிரி கேமை டிக்கெட் எடுத்துப் படம் பார்ப்பது போல நினைத்து, அந்த அளவுக்கு மட்டும் செலவு செய்யுங்கள்.

ஒருமுறை முடித்துவிட்டால் மறுபடி தொடமாட்டோம் என்ற பெரிய கதை கேம்களுக்கு டிஸ்க். காட் ஆஃப் வார் ராக்னராக் 2022 நவம்பரில் இந்தியாவில் பிஎஸ்5-க்கு 4,999 ரூபாய்க்கு வந்தது. நான் டிஸ்க் வாங்கினேன், இரண்டு மாதத்தில் முடித்து 3,200-க்கு விற்றேன். எனக்கு ஆன செலவு 1,800. டிஜிட்டலில் வாங்குபவர் பாதி விலைத் தள்ளுபடிக்காகக் காத்திருந்தாலும் 2,500 ஆகும், விற்கவும் முடியாது.

உண்மையான கார், சினிமாப் பாட்டு, விளையாட்டு வீரர் படம், காமிக்ஸ் கதாபாத்திரம் இருக்கும் கேம்கள் தனி ஜாதி. அவற்றின் ஒப்பந்தம் சில வருடத்துக்குத்தான். அது முடிந்தால் கடையிலிருந்து கேம் காணாமல் போகும். ஃபோர்ஸா ஹொரைசன் 4 2024 டிசம்பர் 15-க்குப் பிறகு டிஜிட்டல் கடைகளில் கிடைப்பதில்லை. ஆலன் வேக் பாட்டு உரிமத்தால் 2017 மே மாதம் போய், 2018 அக்டோபரில் திரும்பி வந்தது. ஸ்காட் பில்க்ரிம் கேம் 2014 கடைசியில் போய் 2021-இல்தான் வந்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் பொதுவாக மறுபடி இறக்கிக்கொள்ளலாம். புதிதாக வாங்க நினைப்பவருக்குப் பழைய டிஸ்க்தான் கதி. அதனால் இந்த ஜாதி கேம் பிடித்திருந்தால் தள்ளுபடி வரும்போதே எடுத்துவிடுங்கள், டிஸ்க் இருந்தால் அதையே எடுங்கள்.

சின்ன ஸ்டுடியோக்களின் சின்ன கேம்களுக்கு டிஜிட்டலே நல்லது. பலவற்றுக்கு டப்பாவே வராது. பிசியில் ஆடுபவர்கள் முதலில் ஜிஓஜி கடையில் இருக்கிறதா என்று பாருங்கள். 2008-இலிருந்து நடக்கும் கடை அது. அங்கே வாங்கும் கேமின் இன்ஸ்டாலர் ஃபைலை அப்படியே நம் ஹார்டு டிஸ்கில் இறக்கி வைக்கலாம். லாகின் கேட்காது, நெட் கேட்காது. 'யாரிடம் அனுமதி?' என்ற என் கேள்விக்கு ஒருவரிடமும் வேண்டாம் என்று பதில் தரும் டவுன்லோட் இதுதான். பல டிஸ்க்கைவிட இதைத்தான் நான் என் சொத்து என்று சொல்வேன்.

சந்தா கேம்களை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். பிஎஸ் பிளஸ் மாதாமாதம் தரும் கேம், சந்தா கட்டும் வரைதான். மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவில் இருப்பது சந்தா கட்டிக்கொண்டிருக்கும்போதே வெளியே போய்விடும். பிடித்த கேமா என்று ருசி பார்க்க நல்ல வழி, அவ்வளவே.

இலங்கை வாசகர்களுக்குத் தனியாக ஒன்று: பிளேஸ்டேஷன் நெட்வொர்க் அங்கே அதிகாரபூர்வமாக இல்லை என்பதால் பலரும் வேறு நாட்டு அக்கவுன்ட் வைத்திருக்கிறார்கள். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 கேமைப் பிசியில் ஆடவும் பிளேஸ்டேஷன் அக்கவுன்ட் கட்டாயம் என்று சோனி சொன்னதும், அந்த நெட்வொர்க் இல்லாத 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஸ்டீம் விற்பனையே நின்றது. கட்டாயத்தைப் பிறகு விலக்கிக்கொண்டார்கள். அயல்நாட்டு அக்கவுன்ட்டில் நூலகம் சேர்க்கும்போது இப்படியொரு ஆபத்து இருப்பதை மனதில் வையுங்கள். முடிந்தால் டிஸ்க் பக்கம் சாயுங்கள்.

ஐந்தாம் படி: பழைய டிஸ்க்கைக் கடையில் சோதிப்பது, வீட்டில் காப்பது

சென்னையில் பர்மா பஜார், ரிச்சி தெரு பக்கம் போனாலும், ஆன்லைனில் பார்த்து நேரில் சந்தித்து வாங்கினாலும் சோதனை ஒன்றுதான். டிஸ்க்கை ஓரத்தில் பிடித்து, ஃபோன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கீறல் பெரும்பாலும் பிரச்சினை தராது. வட்டத்தோடு வட்டமாக, இசைத்தட்டுக் கோடு மாதிரி ஓடும் கீறல்தான் ஆபத்து. தகவலும் அதே திசையில் எழுதப்பட்டிருப்பதால் நீளத்துக்கு அழித்துவிடும். நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், டிரைவுக்குள் உடைந்தால் செலவு பெரிது. முடிந்தால் ஒருமுறை இன்ஸ்டால் முடியும் வரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்கும் கடைக்காரரிடம் வாங்காமல் வந்துவிடலாம்.

பழைய டப்பாவில் இருக்கும் போனஸ் கோடு சீட்டு யாராவது பயன்படுத்தியதாகவே இருக்கும், அதற்குக் காசு தராதீர்கள். ஸ்விட்ச் கார்டு என்றால் விற்பவரின் படத்தையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். சிலர் கார்டை நகலெடுத்துக்கொண்டு அசலை விற்றுவிடுவார்கள். ஒரே அடையாள எண் இரண்டு இடத்தில் ஆன்லைனில் தெரிந்தால் தடை உங்கள் கன்சோலுக்கும் வரலாம்.

டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் 'பிரைமரி ஐடி, செகண்டரி ஐடி' என்று 600, 800 ரூபாய்க்குப் புது கேம் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கேம் விற்பனை இல்லை. யாரோ ஒருவருடைய அக்கவுன்ட்டைப் பலருக்குக் காட்டிக் காசு பார்ப்பது. என் நண்பன் ஒருவன் அப்படி வாங்கிய ஐடி மூன்றாம் வாரம் லாகின் ஆகவில்லை, விற்றவனும் பிளாக் செய்துவிட்டுப் போனான். புகார் கொடுக்கக் கையில் ரசீது கிடையாது.

வீட்டுக்கு வந்த டிஸ்க்கைத் துடைக்க மெல்லிய மைக்ரோஃபைபர் துணி போதும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். சிடி காலத்தில் கீறலுக்கு டூத்பேஸ்ட் தேய்ப்போமே, அந்த வைத்தியத்தை இந்த கேம் டிஸ்க்குகளில் செய்யவே கூடாது, இவை ப்ளூரே வகை. சிடியில் தகவல் அடுக்கு லேபிள் பக்கம் இருக்கும், படிக்கும் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக். அதைக் கொஞ்சம் தேய்த்து மழுக்கலாம். ப்ளூரேயில் தகவல் இருப்பது மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில். மேலே ஒரு கடினப் பூச்சு மட்டுமே காவல். பேஸ்ட் போட்டால் அந்தக் காவலையே உரித்துவிடுவீர்கள்.

டப்பாவைப் புத்தகம் போல நிமிர்த்தி அடுக்குங்கள். கடலோர ஊர் என்றால் அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வருடம் ஒருமுறை மாற்றுங்கள். டிவிக்கு மேல், ஜன்னல் வெயில் படும் தட்டு இரண்டும் வேண்டாம். ஸ்விட்ச் கார்டைக் குழந்தைகள் வாயில் வைக்கக்கூடாது என்று அதன்மேல் கசப்புப் பூச்சு தடவியிருக்கிறார்கள். நக்கிப் பார்த்துவிட்டேன், வேப்பெண்ணெய் தோற்கும். பழைய கேம் பாய் கேட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: பலவற்றில் சேவ் ஃபைலைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு பட்டன் பேட்டரி. அது செத்தால் கேம் ஓடும், சேவ் போய்விடும்.

ஆறாம் படி: டவுன்லோட் கேம்களைப் பத்திரப்படுத்துவது

இப்போது என் தீபாவளித் தப்பு. பிஎஸ்4-இல் ஒரு அக்கவுன்ட்டுக்கு ஒரு கன்சோல்தான் 'பிரைமரி'. அந்தக் கன்சோலில் நெட் இல்லாவிட்டாலும் கேம் திறக்கும். மற்ற கன்சோலில் ஒவ்வொரு முறையும் நெட்டில் கேட்டுக்கொண்டு திறக்கும். என் கேம்களை நண்பன் ஆடட்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன் அவன் கன்சோலைப் பிரைமரி ஆக்கிவிட்டு மறந்துவிட்டேன். நெட் இருந்தவரை வித்தியாசமே தெரியவில்லை. வயர் அறுந்த அன்று அவன் வீட்டில் என் கேம்கள் ஓடியிருக்கும், என் வீட்டில் பூட்டு.

பிஎஸ்4-இல் செட்டிங்ஸில் அக்கவுன்ட் மேனேஜ்மென்ட் போனால் பிரைமரி ஆக்கும் வசதி இருக்கும். பிஎஸ்5-இல் யூசர்ஸ் அண்ட் அக்கவுன்ட்ஸ் உள்ளே கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே என்ற பெயரில் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸில் அதற்கு ஹோம் எக்ஸ்பாக்ஸ் என்று பெயர், வருடத்துக்கு ஐந்து முறைதான் மாற்றலாம். ஸ்டீமில் நெட் இருக்கும்போதே ஒருமுறை கேமைத் திறந்து, அப்டேட் முடித்து, ஆஃப்லைன் மோடுக்கு மாற்றிப் பழகுங்கள்.

பிஎஸ்4 வைத்திருப்பவர்கள் சிஸ்டம் மென்பொருளை 9.00 பதிப்புக்காவது கொண்டுவந்திருக்க வேண்டும். அதற்கு முன், உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து கடிகாரம் தவறினால், சோனியின் சர்வரைத் தொட்டுச் சரிசெய்யும் வரை டிஸ்க் கேம்கூட ஓடாத நிலை இருந்தது. டிஸ்க் இருந்தாலே பத்திரம் என்று நினைத்தவர்களை அது உலுக்கிவிட்டது. 2021 செப்டம்பரில் வந்த 9.00 அதைச் சரிசெய்தது.

அக்கவுன்ட்டைப் பொறுத்தவரை மூன்று வேலை. இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். அது தரும் பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், ஃபோனிலேயே வைத்தால் ஃபோன் தொலையும்போது அதுவும் போகும். அக்கவுன்ட்டோடு இணைந்த மின்னஞ்சல் இப்போதும் உங்கள் கையில் இருக்கிறதா பாருங்கள். கல்லூரி முகவரியிலும் பழைய ஆபீஸ் முகவரியிலும் பிளேஸ்டேஷன் அக்கவுன்ட் திறந்துவிட்டு அந்த முகவரியை இழந்தவர்கள் நிறைய.

ஜிஓஜியில் வாங்கியதை உண்மையிலேயே இறக்கி வையுங்கள், லைப்ரரியில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். பெரிய கேம் என்றால் ஒரு .exe ஃபைலும் அதோடு பல .bin ஃபைல்களும் வரும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள், ஒன்று விடுபட்டாலும் இன்ஸ்டால் நடுவில் நிற்கும். ஒரு பிரதி வீட்டு எக்ஸ்டர்னல் டிரைவில், இன்னொன்று வேறு வீட்டில்.

வாங்கிய கேம் பிடிக்கவில்லை என்றால் ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். பிளேஸ்டேஷன் கடையிலும் 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோட் தொடங்கியிருக்கக் கூடாது. அதனால் அங்கே தானாக டவுன்லோட் ஆகும் செட்டிங்கை அணைத்துவிட்டு வாங்குவேன்.

ஏழாம் படி: கடை மூடப்போகிறது என்று அறிவிப்பு வந்தால்

நின்டெண்டோவின் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ இரண்டின் ஆன்லைன் கடைகள் 2023 மார்ச் 27 அன்று மூடின. ஆனால் அதற்கு ஏழு மாதம் முன்பே, 2022 ஆகஸ்டில், கிஃப்ட் கார்டு கோடு போடும் வழியை அடைத்துவிட்டார்கள். கடன் அட்டை வழி அதற்கும் முன்னாலேயே போனது. அறிவிப்பைப் படிக்கும்போது மூடும் தேதியைவிடப் பணம் ஏற்றும் கடைசித் தேதியை முதலில் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29-இல் மூடியது. பிஎஸ்3, சோனியின் கையடக்கக் கன்சோலான வீட்டா இரண்டின் கடைகளையும் 2021-இல் மூடுவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் சோனி பின்வாங்கியது. ஆனாலும் அந்தக் கன்சோல்களில் நேரடியாகக் கார்டு போட்டு வாங்கும் வசதி அதே வருடம் போய்விட்டது.

இந்த நேரத்தில் கேமைவிட டிஎல்சிக்கு முன்னுரிமை கொடுங்கள். பழைய டிஸ்க் சந்தையில் எப்படியாவது கிடைக்கும், டிஎல்சி கிடைக்கவே கிடைக்காது. அப்புறம் உங்கள் டிஸ்க் கேம்களை ஒவ்வொன்றாகப் போட்டு அப்டேட்டுகளை இறக்கிக்கொள்ளுங்கள். பி.டி. என்ற பேய் கேம் டெமோவை 2015-இல் நீக்கியபோது, ஏற்கெனவே எடுத்தவர்களால்கூட மறுபடி இறக்க முடியவில்லை. அது இன்ஸ்டால் ஆகியிருந்த பிஎஸ்4-களைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். இது எவ்வளவு பெரிய பள்ளம் என்பதற்கு ஒரு கணக்கு: அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இப்போது கடையில் வாங்க முடியாத நிலையில் இருப்பதாக வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கண்டறிந்தது.

எட்டாம் படி: நெட்டை அணைத்துப் பாருங்கள்

ஸ்டீம் அக்கவுன்ட்டை உயில் எழுதி இன்னொருவருக்கு மாற்ற முடியுமா என்று ஒருவர் கேட்டதற்கு, முடியாது என்று அவர்களின் உதவிப் பிரிவு 2024-இல் சொன்ன பதில் செய்தியானது. சரி, நம் வீட்டில் இப்போதைக்கு உயில் பிரச்சினை இல்லை. மருமகனுக்கு ஆடத் தெரிந்தால் போதும். பேக்கப் கோடு எழுதிய நோட்டை கேஸ் புத்தகம் இருக்கும் டிராயரில் வைத்திருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மோடத்தை அணைத்துவிட்டு எல்லா கேமையும் ஒரு தரம் திறந்து பாருங்கள். பொங்கலுக்கு அவன் மறுபடி வந்தபோது நாங்கள் அதைச் செய்தோம். பதினொன்றில் ஒன்பது திறந்தன. ஒன்று ஆன்லைனில் மட்டும் ஓடும் கேம், அதை டெலிட் செய்தோம். இன்னொன்று பிஎஸ் பிளஸில் வந்தது, சந்தா டிசம்பரிலேயே முடிந்திருந்தது. "இதுக்கு டிஸ்க் இருக்கா மாமா?" என்றான். பர்மா பஜாரில் 900 ரூபாய்க்குக் கிடைத்தது.